உள்ளூர் காரா, வெளிநாட்டுக் காரா? கியர்பாக்ஸைக் கேளுங்கள்

அக்கா மகனுக்கு ஷா ஆலாமில் வேலை. வீடு ஈப்போவில். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். போக வர நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஆறு மாதம் பஸ்ஸில் அலைந்துவிட்டு, "மாமா, ஒரு கார் பார்த்துச் சொல்லுங்க" என்று என்னிடம் வந்தான். அதற்குள் வீட்டில் கட்சி பிரிந்துவிட்டது. அத்தானுக்கு உள்ளூர் கார் என்றாலே ஆகாது; ஹோண்டா, இல்லையென்றால் டொயோட்டா என்பார். அக்காவுக்கு மாதத் தவணைதான் கவலை, ஆகவே உள்ளூர் பெரோடுவாவின் மைவி போதும். பையனுக்கோ ஜப்பானில் ஓடிப் பழசாகி இங்கே இறக்குமதியாகும் ரீகண்ட் கார்மேல் ஒரு கண்.

மலேசியாவில் கார் வாங்கும் பாதி வீடுகளில் பேச்சு இப்படித்தான் போகும். இருபது வருடமாக இரண்டு வகைக் கார்களும் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: "உள்ளூரா, வெளிநாடா?" என்ற கேள்வியிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. முதலில் அதை அவிழ்க்க வேண்டும்.

ரவாங் பக்கம் சுங்கை சோவில் பெரோடுவாவின் தொழிற்சாலை இருக்கிறது. ஏழு பேர் அமரும் அல்ஸா அங்கேதான் தயாராகிறது. டொயோட்டா பேட்ஜ் ஒட்டிய வெலோஸும் அங்கேதான் தயாராகிறது. இரண்டுக்கும் அதே 1.5 லிட்டர் என்ஜின், கியர் படிகள் இல்லாமல் ஓடும் அதே சிவிடி கியர்பாக்ஸ், அதே அடித்தளம். முன்முகமும் சக்கரமும் உள்ளே சில வசதிகளும்தான் வேறு. 2022-இல் இரண்டும் சந்தைக்கு வந்தபோது அல்ஸாவின் உயர்ந்த ரகம் 75,500 ரிங்கிட், வெலோஸ் 95,000 ரிங்கிட். பத்து சதவீதம் முன்பணம், ஒன்பது வருடக் கடன், ஆண்டுக்கு 3 சதவீத நிலையான வட்டி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அல்ஸாவுக்கு மாதம் ஏறக்குறைய 800, வெலோஸுக்கு 1,005. ஒன்பது வருடத்தில் முன்பண வித்தியாசத்தையும் சேர்த்தால் 24,000 ரிங்கிட்டுக்கு மேல் கூடுதல். டொயோட்டாவின் ஐந்து வருட உத்தரவாதத்துக்குக் கிலோமீட்டர் வரம்பு கிடையாது, பெரோடுவாவுக்கு 1,50,000 கிலோமீட்டர் வரம்பு உண்டு. அந்த வித்தியாசம் உண்மைதான். ஆனால் அதற்கு இவ்வளவு விலையா?

2023-இல் வந்த டொயோட்டா வியோஸ் கதையும் இதேதான். அது கிள்ளான் புக்கிட் ராஜாவில் பாகம் பாகமாகப் பூட்டப்படுகிறது. அதன் அடித்தளத்தை உருவாக்கியது டாய்ஹட்சு. பெரோடுவாவின் பெட்ரோல் கார்களுக்கெல்லாம் தாய்வீடு அந்த டாய்ஹட்சுதான். வியோஸின் 1.5 என்ஜினும் சிவிடியும் மைவி 1.5-இல் இருக்கும் அதே குடும்பம். அத்தானிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. இரண்டு காரின் பானெட்டையும் திறந்து என்ஜின் வகைக் குறியீட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஹோண்டா சிட்டியும் மலாக்கா பெகோவில்தான் பூட்டப்படுகிறது. ஆக, அத்தான் சொல்லும் "வெளிநாட்டுக் கார்" உள்ளூரில் பூட்டியது. அக்கா சொல்லும் "உள்ளூர் கார்" ஜப்பான் நிறுவனத்து என்ஜினில் ஓடுவது. கடல் தாண்டி முழு உருவமாக வந்து இறங்குவது பையன் கண் வைத்த ரீகண்ட் மட்டும்தான்.

சரி, அப்படியானால் உள்ளூர் கார் மோசம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது வெறும் வதந்தி கிடையாது. நாட்டின் முதல் கார் நிறுவனமான புரோட்டோன் வளர்ந்த வழியைப் பார்த்தால் புரியும். 1985 ஜூலையில் வந்த முதல் சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை வைத்துச் செய்தது. என்ஜினும் மிட்சுபிஷி. 1993-இல் வந்த விராவும் மிட்சுபிஷி லான்சர் வழி வந்ததுதான். அந்தக் காலத்துக் கார்கள் தோட்டப்புறத்துச் செம்மண் பாதையில் எத்தனை வருடம் அடிபட்டு ஓடின என்று கிராமத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். இன்றைக்கும் விரா ஓடுகிறது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானில் கழித்த கார்களைப் பாதியாக அறுத்து, என்ஜினும் கியர்பாக்ஸுமாக இங்கே கொண்டுவந்து விற்கும் ஹாஃப்கட் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. விரா என்ஜின் போய்விட்டால் அங்கே ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம்.

புரோட்டோன் தன் சொந்தக் காலில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் பெயர் கெட்டது. 2004-இல் ஜென்-2-வோடு வந்த கேம்புரோ என்ஜின் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது, 1.6 லிட்டருக்கு 110 குதிரைத்திறன். ஆனால் என்ஜினின் நடு வேகத்தில் இழுவை தொய்ந்துவிடும். லாரியைத் தாண்ட மிதிக்கும் நேரத்தில்தான் அந்தத் தொய்வு தெரியும். பின்னால் வந்த கேம்புரோ என்ஜின்களில் அதைச் சரிசெய்தார்கள். அப்புறம் அந்தப் பவர் விண்டோ. டோல் சாவடியில் கண்ணாடி இறங்காமல் கதவைத் திறந்து அட்டையை நீட்டிய காட்சி ஒரு தலைமுறையின் மனசில் பதிந்துவிட்டது. 2011-க்குப் பிறகு சாகாவிலும் பெர்சோனாவிலும் வந்த பஞ்ச் நிறுவனத்துச் சிவிடியைப் பற்றியும் குறை சொன்னவர்கள் நிறைய.

2017-இல் சீனாவின் கீலி நிறுவனம் 49.9 சதவீதப் பங்கை வாங்கியது. அதன் பிறகு புரோட்டோன் செய்த நல்ல காரியங்களில் ஒன்றைப் பலரும் கவனிக்கவில்லை: 2019-இல் சாகாவிலிருந்து அந்தச் சிவிடியை எடுத்துவிட்டு, ஹியூண்டாயின் நான்கு வேக ஆட்டோ கியர்பாக்ஸை வைத்தார்கள். பழைய தொழில்நுட்பம்தான். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஆனால் சாதாரணப் பட்டறையிலேயே கழற்றிப் பூட்டத் தெரிந்த கியர்பாக்ஸ். பழைய சாகா வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, 2019-க்கு முந்தியதா பிந்தியதா என்றுதான். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சாகா. உள்ளே வேறு கார்.

கியர்பாக்ஸைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தீபாவளிக்கு முதல் நாள், குடும்பத்தோடு வடக்கே போய்க்கொண்டிருந்தோம். தாப்பா தாண்டுவதற்குள் என்ஜின் உறுமுகிறது, கார் நகர மறுக்கிறது. அவசரப் பாதையில் ஒதுக்கி நிறுத்தினேன். பின் சீட்டில் பிள்ளைகள், மடியில் முறுக்கு டப்பா, பக்கத்தில் லாரிகள் போகப் போகக் கார் ஆடுகிறது. கார் எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். சர்வீஸ் கவுண்டரில் ஒவ்வொரு முறையும், "கியர் எண்ணெய் ஆயுள் முழுக்க வரும், மாற்ற வேண்டாம்" என்று சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன். பட்டறையில் அடியைத் திறந்தபோது எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடையோடு வடிந்தது. ஐயாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் போயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கார் வாங்கினாலும் பேட்ஜைப் பார்ப்பதற்கு முன் கியர்பாக்ஸைத்தான் பார்க்கிறேன்.

பெரோடுவா வந்த வழி வேறு. 1994-இல் 660 சிசி கஞ்சிலோடு தொடங்கியதிலிருந்து, சொந்தமாக என்ஜின் செய்யப் போகாமல் டாய்ஹட்சுவின் கையைப் பிடித்தே நடந்தது. 2005-இல் வந்த முதல் மைவி, ஜப்பானில் டொயோட்டா பாஸோ, டாய்ஹட்சு பூன் என்று ஓடிய அதே கார். அதன் 1.3 லிட்டர் கே3-விஇ என்ஜினுக்கு டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலி. பெல்ட் அறுந்து வால்வு வளையும் பயம் இல்லை. நல்ல எண்ணெய் ஊற்றி நேரத்துக்கு மாற்றினால் போதும், பழைய மைவி சலிக்காமல் ஓடும். பட்டறைக்காரர்களில் பலர் தங்கள் சொந்த ஓட்டத்துக்கு அதை வைத்திருப்பதே சாட்சி. பெருமை பேச அதில் ஒன்றும் இல்லை. கதவு மெல்லிசு, நெடுஞ்சாலையில் காற்றுச் சத்தம் காதைக் குடையும். ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும்.

நம்பகத்தன்மைக்கு இன்னொரு பாதி காருக்கு வெளியே இருக்கிறது. ஸ்லிம் ரிவரில் இரவு எட்டு மணிக்கு வாட்டர் பம்ப் போனால் மறுநாள் காலை பத்து மணிக்குள் அந்தப் பாகம் கிடைக்குமா? மைவிக்கும் சாகாவுக்கும் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். ஒரிஜினல் ஒரு விலை, தைவான் பாகம் ஒரு விலை, தாமான் ஓரத்துப் பட்டறையில் மாட்டும் கூலி ஒரு விலை. வியோஸ், சிட்டிக்கும் கிடைக்கும், விலை கொஞ்சம் கூட. ரீகண்ட் என்றால் பெரும்பாலும் கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ போன் போட வேண்டும்.

இப்போது ரீகண்டுக்கு வருகிறேன். பையனை ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய் ஒரு காரைப் பார்த்தோம். ஐந்து வருடப் பழசு. உள்ளே உட்கார்ந்ததும் அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. கதவு சாத்தும்போது 'தொப்' என்று ஒரு கனத்த சத்தம். சீட்டில் உடம்பு பதிகிறது. ஜப்பான்காரன் தன் நாட்டுக்கென்று செய்யும் காரில் தரம் ஒரு படி மேல்தான், அதை மறுக்க மாட்டேன். பையன் ரேடியோவைத் தட்டினான், ராகா வானொலியை வைக்க. எண் 95-க்கு மேல் ஏறவே இல்லை. ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை 76-இல் தொடங்கி 95-இல் முடிந்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ராகா 99.3. திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. இது சின்ன விஷயம், வேறு ரேடியோ மாட்டினால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கார் இந்த ஊருக்காகப் பிறக்கவில்லை என்பதை அது சட்டென்று காட்டிவிட்டது.

பெரிய விஷயங்கள் அப்புறம்தான் வரும். ரோட் டேக்ஸ் என்ஜின் அளவைப் பொறுத்தது. தீபகற்பத்தில் 1.3 லிட்டர் செடானுக்கு 70 ரிங்கிட், 1.5-க்கு 90. இரண்டு லிட்டரானால் 380 வாக்கில். இரண்டரை லிட்டரை எட்டினால் 880, மூன்று லிட்டருக்கு இரண்டாயிரத்தைத் தாண்டும். 2025 செப்டம்பர் கடைசியில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குக் கிடைக்கத் தொடங்கியது. ரோன்97 கேட்கும் டர்போ என்ஜினுக்கு அந்தச் சலுகை இல்லை. நின்றால் என்ஜினைத் தானே அணைக்கும் ஆட்டோ ஸ்டாப் இருக்கும் காருக்கு அதற்கென்று தனி பேட்டரி, சாதாரண பேட்டரியைவிட விலை அதிகம்.

ரீகண்டேதான் வேண்டும் என்பவருக்கு ஒன்று சொல்வேன். விற்பவரிடம் ஜப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு குறி இருக்கும், மொத்தத் தரத்துக்கு 4, 4.5 என்று மதிப்பெண் இருக்கும். R என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுப் பழுதுபார்த்த கார் என்று அர்த்தம். தாள் இல்லை என்பவரிடம் வாங்காதீர்கள், காரின் உண்மையான கிலோமீட்டர் அதில்தான் தெரியும். இங்கிலாந்திலிருந்து வந்த காராக இருந்தால் லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். மேலே பளபளப்பாக இருக்கும் காரின் வயிற்றில் துரு ஏறியிருக்கும்.

அடுத்து ஓட்டத் திறன். எண்களைப் பார்த்தால் சாகா 1.3-க்கு 95 குதிரைத்திறன், மைவி 1.5-க்கு 103, சிட்டிக்கு 121. 2020-இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50-இன் சாதாரண ரகத்துக்கே 150. ஆனால் வட-தென் நெடுஞ்சாலையில் எண்ணைவிட ஏற்றம் நன்றாகப் பேசும். கோப்பெங் பக்கம் குவா தெம்புரோங் ஏற்றம் இருக்கிறதே, அங்கே லாரிகள் இடப்பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும். வலப்பக்கம் மாறித் தாண்ட வேண்டும், பின்னாலிருந்து வேகமாக ஒருவன் விளக்கடித்துக்கொண்டு வருவான். கார் நமக்குத் துணையா என்பது அந்த இருபது விநாடியில் தெரிந்துவிடும்.

அந்த ஏற்றத்தில் நால்வரோடு மூன்று கார்களை ஓட்டிப் பார்த்தோம், தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி. சாகாவில் கியர் ஒன்று இறங்கி, என்ஜின் கத்தி, மெதுவாக ஏறியது. தவிக்கவில்லை, ஆனால் தாண்டும்போது நான் இருமுறை யோசித்தேன். மைவி 1.5 இலகுவான கார், ஏறக்குறைய ஒரு டன்தான். மிதித்தவுடன் எழுந்துகொண்டது. சத்தம் இருந்தாலும் தயக்கம் இல்லை. சிட்டி அதே வேலையைப் பேசிக்கொண்டே செய்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா, "இதுல மட்டும்தான் நீங்க பேசறது எனக்குக் கேட்குது" என்றார். நெடுஞ்சாலையில் சிட்டி மேலான கார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வளைவுகளில் மட்டும் சாகா என்னை ஆச்சரியப்படுத்தியது. 1996-இல் புரோட்டோன் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கி, பிறகு விற்றுவிட்டாலும், காரை நிலத்தோடு ஒட்டி ஓட வைக்கும் கைவேலையைக் கற்றுக்கொண்டது போகவில்லை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதையில் சாகாவின் ஸ்டியரிங் கையோடு பேசும். மைவி அங்கே கொஞ்சம் அலையும். விலை குறைந்த காரில் இது கிடைப்பது பெரிய விஷயம்.

எக்ஸ்50-ஐயும் சொல்ல வேண்டும், பையன் ஆசைப்பட்டான். 2020-இல் வந்த அந்த முதல் வகைக்கு மூன்று சிலிண்டர் டர்போ, வோல்வோவோடு சேர்ந்து உருவாக்கியது, குவா தெம்புரோங்கை மேடு என்றே மதிக்காது. ஆனால் ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு அதைத் திறந்து பார்க்க நம்பிக்கையான ஆள் ஈப்போவில் யார் என்று எங்கள் பட்டறை அண்ணனைக் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. இன்னும் ஐந்தாறு வருடத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள். முதல் கார் வாங்கும், கையில் சேமிப்பு இல்லாத பையனுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பாதுகாப்பில் இரு பக்கத்துக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 2017-இன் மைவி ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதே சமயம், 2023 ஏப்ரலில் டாய்ஹட்சு ஒரு தவற்றை ஒப்புக்கொண்டது: பக்கவாட்டு மோதல் சோதனைக்குக் கொடுத்த கார்களின் கதவு உட்பகுதியில், விற்பனைக் காரில் இல்லாத மாற்றத்தைச் செய்திருந்தது. அந்தப் பட்டியலில் பெரோடுவா ஆக்ஸியாவும் இருந்தது, டொயோட்டா யாரிஸ் அத்திவும் இருந்தது. அத்திவ் என்பது நம் வியோஸ்தான். பேட்ஜ் மாறினால் கவலை தீரும் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நட்சத்திரத்தோடு, நீங்கள் வாங்கும் குறிப்பிட்ட ரகத்தில் எத்தனை ஏர்பேக், சறுக்கல் தடுக்கும் இஎஸ்சி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான ரகத்துக்கும் உயர்ந்த ரகத்துக்கும் இதில்தான் உண்மையான வித்தியாசம்.

பட்டறை அண்ணன் அன்றைக்கு ஒன்று காட்டினார். முன் பக்கம் நின்ற ஒரு காரின் ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தார். உள்ளே தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர், விரலைவிட்டு எடுத்தால் துரு மண். கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. பக்கத்தில் அதே வகைக் கார், அதே வருடம், இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடி, எண்ணெய் மாற்ற மட்டும் வந்து நின்றது. பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

கடைசியில் முடிவு சிட்டிக்கும் மைவி 1.5-க்கும் இடையே வந்து நின்றது. சம்பளம் இன்னும் ஆயிரம் ரிங்கிட் கூட இருந்தால், அத்தான் பக்கம் சாய்ந்து சிட்டி என்றே சொல்லியிருப்பேன். வாரம் நானூறு கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு அந்த அமைதி உடம்புக்கு நல்லது. வாரக் கடைசியில் மட்டும் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டும் வீடாக இருந்தால் 2019-க்குப் பிந்திய சாகாவே போதும், மிச்சப் பணத்தை வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏழு பேர் குடும்பம் என்றால் வெலோஸை விட்டுவிட்டு அல்ஸா. ரீகண்ட், இன்னொரு கார் வீட்டில் இருப்பவருக்கும், திடீரென்று நாலாயிரம் ஐயாயிரம் செலவு வந்தால் தாங்குகிறவருக்கும்.

பையன் மைவி 1.5 எடுத்தான். சிட்டியின் தவணையோடு பார்த்தால் மாதாமாதம் கையில் நிற்கும் பணத்தில் ஒரு பகுதியை டயருக்கும் கியர் எண்ணெய்க்கும் என்று தனிக் கணக்கில் போடச் சொல்லியிருக்கிறேன். சர்வீஸ் புத்தகத்தில் கியர் எண்ணெய் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த எண்ணை ஒரு சின்னத் தாளில் எழுதி மீட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறான். போன வாரம் அவனோடு ஈப்போவிலிருந்து வந்தேன். தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தொழிற்சாலை, கொஞ்ச தூரத்தில் ரவாங்கில் பெரோடுவா. "மாமா, இது இங்கிருந்துதானே வந்துச்சு" என்று ஸ்டியரிங்கைத் தட்டினான்.